துளையிடக் கூடாது

அனுமதித் தாளில் மூன்றாவது வரி அதுதான்.
சொலொலாகியின் பழைய கல் தெருவில்
ஆணி கூடாது, கம்பம் நடக் கூடாது.
வேலி நிற்கலாம். ஊன்றக் கூடாது.
காலம்: தற்காலிகம், தொண்ணூறு நாள்.

அதனால் கால்களுக்குக் கட்டைகள்.
ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு கிலோ சிமெண்ட்,
நடுவில் இரண்டு குழி, குழிக்குள் கம்பிச் சட்டம்.
நாற்பத்திரண்டை வேனிலிருந்து இறக்கினோம்
நானும் பாத்ரியும்.
"தூங்குகிறவன் சட்டைப்பையில்
கைவிடுகிற மாதிரி இருக்குடா" என்றான் பாத்ரி,
மூச்சு வாங்கிக்கொண்டே.

பதினேழாம் எண் வீடு.
மரப் பால்கனி தெருவை எட்டிப் பார்த்தபடி
அப்படியே நின்றுவிட்டிருந்தது.
காலி செய்யச் சொல்லியும் போகாதவர்கள் மூன்று குடும்பம்.
ஆம்புலன்ஸ் அலுவலகத்தில்
இரவெல்லாம் போன் எடுக்கும் நசிப்ரோலா
காலையில் வந்து பார்த்தாள்:
தன் வாசல் வேலிக்குள்ளே.
சாவி கொடுத்தேன்.
மறுநாள் கம்பியில் ஏழு காலுறை காய்ந்தது.
"நல்ல கம்பி," என்றாள்,
"கொஞ்சம் உயரம் பத்தாது."

வேலிமேல் போர்த்திய துணியில்
வீட்டின் படம், புதுசாகப் போகிற முகம்.
படத்தில் பன்னிரண்டு சன்னல்.
வீட்டில் பதினொன்று.
கம்பெனியில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.
"அந்த அறை யாருக்கு?
வாடகைக்கு விடுவார்களா?" என்றாள்.

திங்கள்தோறும் கட்டை எண்ணுவது என் வேலை.
நாற்பத்திரண்டு.
நாற்பத்தொன்று.
அப்புறம் முப்பத்தொன்பது.
ஒன்று ரொட்டிக்கடைக் கதவைத் திறந்து பிடித்திருந்தது.
ஒன்று, கார் நிறுத்த யாரோ போட்ட துண்டு.
மூன்றாவதைத் தேடி ஒத்தாரின் நிலவறைக்கு இறங்கினேன்.
பீப்பாயில் முட்டைக்கோஸ் ஊறுகிறது,
மேலே பலகை, பலகைமேல் எங்கள் கட்டை.
"எடுத்தால் மிதந்துவிடும்" என்றார்,
ஒரு தட்டு நிறைய அள்ளிக் கொடுத்தார்.
பூண்டு வாடையோடு மேலே வந்து
பதிவேட்டில் நாற்பத்திரண்டு என்று எழுதினேன்.

எனக்குப் பதினொரு வயதில்
சுகுமியிலிருந்து வந்தவர்களுக்கு
ஓட்டலில் அறை கொடுத்தார்கள். நான்காம் மாடி.
தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள் அப்போதும்.
திரும்பிப் போகிறவள் எதற்கு
அடுத்தவர் சுவரில் ஆணி அடிப்பாள்?
அம்மா கண்ணாடியைத் தரையில் சாய்த்தே வைத்தாள்
ஒன்பது வருடம்.
முழங்காலுக்குக் கீழே மட்டும்
பார்த்துப் பார்த்து வளர்ந்தேன்.
என் முகத்தில் மீசை வந்ததை
வகுப்பில் ஒருவன் சொல்லித்தான் தெரியும்.

மார்ச் காற்றில் நான்காம் சட்டம் சாய்ந்தது.
போன் வந்து ஓடினேன்.
நின்றுகொண்டிருந்தது.
கொடிக்கயிற்றால் பால்கனித் தூணோடு
இறுகக் கட்டியிருந்தார்கள் இரவோடிரவாக.
விழுகிற வீட்டைக் காக்க வந்த வேலியை
வீடு பிடித்துக்கொண்டிருந்தது.

பாரம்பரியத் துறையிலிருந்து மக்வாலா வந்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.
"வேலி வீட்டைத் தொடுகிறதே."
"இல்லை அம்மணி," என்றாள் நசிப்ரோலா
தூக்கம் கலையாத குரலில்,
"வீடுதான் வேலியைத் தொடுகிறது.
அதற்குத் தடை எந்த வரியில் இருக்கிறது?"
மக்வாலா தாளைத் திருப்பினார்.
பின்பக்கம் வெறுமை.
மேலும் தொண்ணூறு நாள் என்று எழுதி
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.
எத்தனையாவது தொண்ணூறு என்று யாரும் கேட்கவில்லை.

அவர் போனதும் முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன்.
ஈரம்.
அந்தக் கயிற்றிலும் யாரோ
ஒரு துண்டைக் காயப்போட்டிருந்தார்கள்.